ஆயாவுக்கு இருந்த 71 நாளில் 38 நாளை நான் தொலைத்தேன்

என் அம்மாவைப் பெற்ற ஆயா 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி விடியற்காலையில், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் காலமானார். வயது 81. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அன்று வரை 71 நாள். அதில் முதல் 38 நாள் மருத்துவமனை வராந்தாக்களிலும் சாலை நெரிசலிலும் ஒன்றுக்கும் உதவாத செலவுகளிலும் போயிற்று. மிச்சமிருந்த 33 நாள்தான் நான் ஆயாவோடு இருந்தேன். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த 38 நாளில் பாதியாவது என் கைக்குத் திரும்பியிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ படுக்கையில் இருந்தால், பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பது வயதில் அம்மாவை இழந்த என்னை வளர்த்தவர் ஆயா. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் செந்தூலுக்கு வந்து, சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி என்னைப் படிக்கவைத்தார். உளி பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் காய்த்துப்போன இடம் கடைசிவரை இளகவே இல்லை. எனக்கு இரண்டு மாமாக்கள். பெரியவர் ஜொகூர் பாருவில், சின்னவர் பினாங்கு மாநிலத்துப் பிறையில். இருவருக்கும் குடும்பம், ஷிப்ட் வேலை. நான் திருமணமாகாதவள், ஆயாவோடு ஒரே வீட்டில் இருப்பவள். ஆகவே எல்லாம் என் பொறுப்பு என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிட்டது. மாமாக்கள் மேல் எனக்கு இன்று வருத்தமில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே மூவரும் உட்கார்ந்து, பணம் யார் பொறுப்பு, இரவில் யார் துணை, மருத்துவர் கேட்டால் பதில் சொல்வது யார் என்று பேசியிருக்க வேண்டும். பேசாததால் ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு தொலைபேசி அழைப்பு, இரண்டு சண்டை, ஒரு நாள் தாமதம்.

ஜூன் 21, வெள்ளிக்கிழமை. மஞ்சள் காமாலை என்று நினைத்து அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தோம். ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இளம் மருத்துவர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, இந்த வயதில் கீமோவை உடம்பு தாங்காது என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். வாரக்கணக்கில், நல்லபடியாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் என்றார். உள்ளே வந்ததும் ஆயா என் முகத்தைப் பார்த்து, "என்னவாம் பாப்பா?" என்று கேட்டார். "வயிற்றில் புண்ணாம் ஆயா, மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும்" என்றேன். நான் செய்த தவறுகளிலேயே பெரியது அதுதான். பொய் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து ஆயாவிடம் எதையும் நேராகக் கேட்க முடியாமல் போயிற்று. எங்கே இருக்க விரும்புகிறார், எது வேண்டும், எது வேண்டாம் என்ற கேள்விகளை மாமாக்களிடம் கேட்டேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். ஆயாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அடுத்து பணம் போன கதை. அந்த முடிவை நம்ப மனம் வராமல், அடுத்த புதன்கிழமையே ஆயாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். முன்பணம் 5,000 ரிங்கிட். மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் இரத்தப் பரிசோதனை, சதை எடுத்துப் பார்ப்பது. நான்கு நாள் கழித்து அதே பதில். கட்டணம் 11,400 ரிங்கிட். என் சேமிப்பு முழுவதும் போய், மீதியைக் கடன் அட்டையில் தேய்த்தேன். அதை அடைக்க மறு வருடம் வரை ஆயிற்று. இரண்டாவது கருத்து கேட்பது தவறே இல்லை. ஆனால் அதற்காக நோயாளியைப் படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை. முதல் மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைக் குறுவட்டில் பதிந்து தரும்படியும் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு, நிபுணரிடம் ஆலோசனைக்கு மட்டும் போகலாம். ஆயாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும்கூடப் போயிருக்கலாம். சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்கும். ஊசி குத்திய இரண்டு புறங்கையும் கறுத்துப்போய் ஆயா திரும்பியதைப் பார்த்தபோதுதான், என் மனச் சமாதானத்துக்காக அவர் உடம்பில் செலவு செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

அதோடும் நிற்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கட்டியைக் கரைக்கும் மூலிகைத் தூள் என்று மூன்று பெட்டி வைத்துவிட்டுப் போனார். 2,880 ரிங்கிட். குணமான ஒருவரின் படம், சாட்சிக் கடிதம் எல்லாம் காட்டினார். தினமும் மூன்று வேளை கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆயா என் மனம் நோகக்கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார், பத்து நிமிடத்தில் வாந்தி எடுப்பார். இரண்டு வாரம் இப்படிக் கொடுமைப்படுத்தினேன். சாகப்போகிறவர் இருக்கும் வீட்டைத் தேடி இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். அன்பாகத்தான் பேசுவார்கள். வாங்கும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: பெட்டியைப் படம் எடுத்து, சிகிச்சை தரும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். நான் காட்டியது எல்லாம் முடிந்த பிறகு. கல்லீரல் கெட்டிருக்கும்போது இதையெல்லாம் கொடுக்கவே கூடாது என்றார் மருந்தாளர்.

ஜூலையில் வலி வந்தது. முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் வலி, இரவில் அதிகம். அரசாங்க மருத்துவமனை வார்டில் முதலில் ஒன்பது நாள், பிறகு ஆறு நாள். செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளொன்றுக்கு 3 ரிங்கிட்தான், ஒன்பது நாளுக்கும் வந்த தொகை ஐம்பது ரிங்கிட்டுக்கும் குறைவு. தாதிகள் நல்லவர்கள். ஆனால் பார்வையாளர் நேரம் மதியம் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம். வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து நான் போய்ச் சேர்வதற்குள் அதில் ஒரு மணி நேரம் கரைந்திருக்கும். போனதும் ஆயா கேட்கும் ஒரே கேள்வி, "வீட்டுக்குப் போகலாமா பாப்பா?" நாளைக்கு, நாளைக்கு என்று பதினைந்து நாள் சொன்னேன். வீட்டில் வைத்துப் பார்க்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. வலி இருந்தால் வார்டு, வார்டு இல்லையென்றால் வலி என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது முறை சேர்த்திருந்தபோது, வார்டில் ஒரு தமிழ்த் தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, "பாட்டியை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை இருக்கிறதா? அதற்கென்றே வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் ஹாஸ்பிஸுக்குக் கடிதம் கேளுங்கள்" என்றார். கேட்டேன். மறுநாளே கடிதம் கிடைத்தது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. செராஸில் இருக்கும் ஹாஸ்பிஸ் மலேசியா 1991ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரும் சுற்று வட்டாரமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே மருத்துவரையும் தாதியையும் அனுப்பி நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை, அளிக்கிறது. கட்டணம் கிடையாது. நன்கொடையில் நடப்பது. சிகிச்சை தரும் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் போதும். பினாங்கிலும் இதே போல வீட்டுக்கு வரும் சேவைகள் இருக்கின்றன. குணமாக்குவதற்கு இனி வழியில்லை என்று மருத்துவர் சொல்லும் அன்றே இந்தக் கடிதத்தைக் கேளுங்கள். கடைசி வாரத்தில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. கேட்டுவிட்டால் ஆளைக் கைவிட்டுவிட்டோம் என்றும் ஆகாது. சின்ன மாமா அப்படித்தான் நினைத்தார். "சாகட்டும் என்று அனுப்பிவிட்டாயா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜூலை 29, திங்கட்கிழமை காலை தாதி எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக வந்தார். பதினோராவது மாடி. இரண்டு லிப்டில் ஒன்று பல மாதமாகவே ஓடவில்லை. மற்றதற்குக் காத்திருந்து ஏறி வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நேராக ஆயாவிடம், "பாட்டி, எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியை ஆயாவிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆயா சட்டையைத் தூக்கி இடத்தைக் காட்டினார். எத்தனை மணிக்கு வருகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று விரிவாகச் சொன்னார். என்னிடம் அதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை. நான் பயப்படுவேனாம்.

மார்ஃபின் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாயில் ஊற்றும் திரவ மருந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். அதைக் கொடுத்தால் ஆள் போய்விடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பெரிய மாமா தடுத்தார். நானும் பயந்து இரண்டு இரவு கொடுக்கவில்லை. அந்த இரண்டு இரவும் ஆயா தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். உறையின் ஓரம் பல் பட்டு நைந்திருந்தது. மூன்றாம் நாள் தாதியிடம் அழுதேன். வலிக்கு ஏற்ற அளவில் மருத்துவர் சொன்னபடி கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிக்காது, இந்த நிலையில் அடிமையாவது பற்றிய கவலையும் வேண்டாம் என்று விளக்கினார். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. இடையில் வலி எழுந்தால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் அநேகமாகக் கட்டாயம் வரும், ஆகவே மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் கைத்தொலைபேசியில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, 2 என்று மணி வைத்தேன். மருந்து பிடித்த பிறகு ஆயா எழுந்து உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டபோது, என் ஆயா திரும்பி வந்துவிட்டார் என்றே இருந்தது.

அந்தத் தெளிவில்தான் உண்மையைப் பேசினோம். நான் எப்படிச் சொல்வது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது ஆயாவே ஆரம்பித்தார். "பட்டை காய்ந்த மரத்தில் உளி வைத்தவுடனேயே கைக்குத் தெரிந்துவிடும் பாப்பா. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" முதல் வாரத்திலிருந்தே தெரியுமாம். நான் மறைத்ததால் அவரும் தெரியாதவர் போலவே இருந்தாராம். ஒரே வீட்டில் இருவரும் ஒரே பயத்தைத் தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு ஐந்து வாரம் இருந்திருக்கிறோம். அன்று இரவு இரண்டு மணி மருந்து வரை பேசினோம். நீங்கள் சொல்லத் தயங்குகிறீர்கள் என்றால், "உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களே சொல்வார்கள்.

பேசியதால்தான் ஆயாவின் விருப்பங்கள் தெரிந்தன. மறுபடியும் ஆஸ்பத்திரி வேண்டாம். மூக்கில் குழாய் வேண்டாம். போகும்போது அரக்கு நிறச் சேலை, அம்மாவின் கல்யாணத்துக்கு உடுத்தியது. சாம்பலைக் கோல சிலாங்கூரில் கடலில் கரைக்க வேண்டும், தோட்டத்துக்குப் பக்கம். பிறகு அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். அடையாள அட்டை நகல், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், இரண்டு வளையல், வங்கிச் சேமிப்புப் புத்தகம். புத்தகத்தில் 7,300 ரிங்கிட். "என் காரியத்துக்கு நானே சேர்த்து வைத்திருக்கிறேன், நீ கடன் வாங்காதே" என்றார். உயிரோடு இருக்கும்போதே அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுவது பாவம் போல இருந்ததால், அப்புறம் பார்க்கலாம் ஆயா என்று டின்னை மூடிவிட்டேன். இறந்ததும் கணக்கு முடங்கிவிட்டது. அசையும் சொத்து மட்டும் இருந்து, மதிப்பு 600,000 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்தின் வழியாகவே முடித்துக்கொள்ளலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வாரிசுகளின் தாள்கள் வேண்டும். ஜொகூருக்கும் பிறைக்கும் அனுப்பி மாமாக்களின் கையொப்பம் சேர்க்கவே நான்கு மாதம் ஆகிவிட்டது. காரியத்துக்கு ஆயா சேர்த்த பணம் காரியத்துக்கு உதவவில்லை. நான் கடன்தான் வாங்கினேன். அவர் நினைவு தெளிவாக இருந்த நாளில், அவரே கையெழுத்துப் போட்டு, என்னோடு கூட்டுக் கணக்காக மாற்றியிருக்கலாம். பெரியவர்கள் பணப் பேச்சை எடுத்தால் தடுக்காதீர்கள். அது அவர்களுக்கு மன நிம்மதி.

வேலை இடத்திலும் ஒன்று தெரிந்துகொண்டேன். இழவு விடுப்பு என்பது நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றல்ல, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தருவது. எங்கள் அலுவலக விதியில் தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்று எழுதியிருந்தது. பாட்டி இல்லை. "இவர்தான் என்னை வளர்த்தவர்" என்று நான் மேசைக்கு முன்னால் நின்று சொன்னதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஆண்டு விடுப்பு தீர்ந்து, 24 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். ஏறக்குறைய 2,600 ரிங்கிட் போயிற்று. அந்த இழப்புக்கு மட்டும் நான் வருந்தவே இல்லை. ஆனால் முதல் மூன்று வாரம் அலைச்சலுக்கே ஆண்டு விடுப்பைக் கொட்டிவிட்டேன். விடுப்பைக் கடைசி நாட்களுக்குச் சேர்த்து வையுங்கள்.

ஆகஸ்டு நடுவில் சாப்பாடு நின்றது. கஞ்சி இரண்டு கரண்டி, பிறகு ஒரு கரண்டி, பிறகு வாயைத் திறக்கவே இல்லை. பட்டினி போட்டுக் கொல்கிறேனோ என்று நடுங்கினேன். மாமாக்களும் அதையே கேட்டார்கள். உடம்பு அடங்கும்போது பசி தானாகவே நின்றுவிடும், வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும் என்று தாதி சொன்னார். ஆனால் வாய் காயக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயாவுக்குத் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், என்றால் உயிர். தண்ணீருக்குப் பதில் ஆறிய தே ஓவில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். நாக்கு நுனி வெளியே வந்து பஞ்சைத் தொட்டது. கண் மூடியே இருந்தது. ஆனால் புருவம் இளகியது. அன்றிலிருந்து கடைசி நாள் வரை தே ஓதான். அக்கம்பக்கத்தில் பெரியவர்கள் வந்து வாயில் பால் ஊற்றச் சொல்வார்கள். அது நம் வழக்கம், தட்டிப் பேச வேண்டாம். கரண்டியால் ஊற்றாமல், பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். எல்லார் மனமும் நிறையும், ஆயாவுக்கும் புரை ஏறாது. புரட்டிப் படுக்கவைப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காற்று மெத்தை ஒன்று 250 ரிங்கிட்டுக்கு வாங்கினேன், செலவுகளிலேயே உருப்படியான செலவு அதுதான்.

ஆகஸ்டு 29, வியாழக்கிழமை. கால் விரல்கள் சில்லிட்டு, முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள் தெரிந்தன. மூச்சு ஓடி, நின்று, மறுபடி ஓடியது. தொண்டையில் சளி உருள்வது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்பவர்களைத்தான் வதைக்கும், பாட்டிக்கு அது வேதனையில்லை, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்றார் தாதி. வர வேண்டியவர்களை இப்போதே வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். நான் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தாமதித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலைதான் மாமாக்களைக் கூப்பிட்டேன். அந்த வாரம் சனிக்கிழமை சுதந்திர தினம், ஞாயிறு இஸ்லாமியப் புத்தாண்டான அவால் முஹாரம், திங்கள் பதில் விடுமுறை. மூன்று நாள் விடுமுறைக்கு நெடுஞ்சாலை முழுவதும் வாகனம். பெரிய மாமா இரவு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார். சின்ன மாமாவின் கார் ஈப்போவுக்கு முன்பே நெரிசலில் மாட்டிக்கொண்டது. காது கடைசி வரை கேட்கும் என்று தாதி சொல்லியிருந்ததால், தொலைபேசியை ஆயாவின் காதோடு வைத்தேன். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அவர் "அம்மா, அம்மா" என்று அழைத்தது எனக்கும் கேட்டது. வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை.

ஆயா என்னிடம் கடைசியாகப் பேசியது அதற்கு இரண்டு நாள் முன்பு. அதுவரை நான் தினமும், "என்னை விட்டுப் போகாதீர்கள் ஆயா" என்றுதான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது, நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள் என்று சொல்லிப் பாருங்களேன் என்றார் தாதி. அன்று இரவு சொன்னேன். வேலை இருக்கிறது ஆயா, வீட்டு வாடகை நான் கட்டிவிடுவேன், மாமாக்களோடு சண்டை போட மாட்டேன், தனியாக இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுவேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆயா தலையை மெதுவாக அசைத்தார். முடித்ததும் கண்ணைத் திறந்து, "கிரில்லைப் பூட்டிவிட்டுப் படு" என்றார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒவ்வொரு இரவும் சொல்வது. போய்ப் பூட்டிவிட்டு வந்து படுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நகரத்துப் பக்கம் பட்டாசு வெடித்தது. இரண்டு மணி மருந்தை உதட்டோரம் விட்டேன். மூன்று நாற்பதுக்கு ஒரு மூச்சு போனது, அடுத்தது வரவில்லை. பெரிய மாமா திருநீறு பூசினார். நான் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தேன். காய்த்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இறந்தால் அப்போதெல்லாம் போலீஸ் நிலையத்தில் தெரிவித்துத் தகனத்துக்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மருத்துவர் கடிதம், நோய் விவரம், ஆயாவின் அடையாள அட்டை எல்லாம் தாதி சொல்லித் தயாராக ஒரே உறையில் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உங்கள் வட்டாரத்தில் இன்றைய நடைமுறை என்ன என்பதை ஆள் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை ஏழு நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று நாள் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமைதான் பதிவு இலாகாவுக்குப் போனோம். சான்றிதழின் நகலைப் பத்துப் பன்னிரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

நான் தயாராக இல்லாதது ஈமச்சடங்குக்கு. அதிகாலை நாலரைக்கு யாரோ தந்த எண்ணைக் கூப்பிட்டு, சொன்ன 5,200 ரிங்கிட்டுக்குச் சரி என்றேன். அதே புளோக்கில் அடுத்த மாதம் ஒரு சாவுக்கு 3,400 ரிங்கிட்டில் எல்லாம் முடிந்தது. துக்கத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். ஆகவே முன்பே இரண்டு இடத்தில் விலை கேட்டு, பெட்டி, வண்டி, ஐயர், மின்சுடலைக் கட்டணம் எல்லாம் சேர்த்தா தனியா என்று எழுதி வாங்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். எங்கள் லிப்டில் பெட்டி நுழையவில்லை. ஆயாவைத் துணித் தூக்கில் வைத்து, பதினொரு மாடியும் படிக்கட்டு வழியாக நான்கு பையன்கள் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினேன். கீழ்த்தளத்து மண்டபத்தை முன்கூட்டியே கேட்டு வைத்து, பெட்டியை அங்கேயே வைக்கச் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்தில் கழிந்த இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும். மதியம் நெய்ப்பந்தம் பிடித்தபோது பேரப்பிள்ளைகளில் மூத்தவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். ஆயா அரக்குச் சேலையில் இருந்தார். மறுநாள் சாம்பலைக் கோல சிலாங்கூருக்கே கொண்டுபோனோம்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து மாமாக்களும் ஊருக்குப் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை அந்தத் தாதி மறுபடி வந்தார். மருந்து எடுத்துக்கொள்ள நோயாளி இல்லை, எழுத வேண்டிய தாளும் இல்லை. கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அந்த இடம் வெறுமையாக இருந்தது, தரையில் சக்கரத் தடம் நான்கு. அதே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கடைசி இரவு எப்படி இருந்தது? சொல்லுங்கள்" என்றார். அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு கோப்பை தே ஓ போட்டு எடுத்து வந்து, பட்டாசுச் சத்தத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.